எலக்ட்ரான் ஏன் இவ்வளவு லேசு?
போடி வட்டார இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வட்டாரங்களில் பள்ளியிலும் கல்லூரியிலும் இயற்பியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



நியூட்ரினோ ஆய்வகம் வருவதாக இருந்த பொட்டிப்புரம் என்றதும் உங்கள் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது சுவரொட்டி, நடைபயணம், வழக்கு. மலையைக் குடைந்தால் வெடி எவ்வளவு அதிரும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், மேய்ச்சல் என்னாகும், கதிர்வீச்சு வருமா என்றெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடை வரை பேசியாகிவிட்டது. அந்தக் குகைக்குள் எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறார்கள் என்ற பேச்சுதான் அநேகமாக எழவில்லை. எதிர்த்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆதரித்தவர்களோ 'அடிப்படை ஆராய்ச்சி' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டார்கள். திட்டம் நின்றுபோனாலும் கேள்வி நிற்கவில்லை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

கேள்வி இதுதான்: அடிப்படைத் துகள்களின் நிறைகள் ஏன் ஒன்றுக்கொன்று இத்தனை தூரம் விலகி நிற்கின்றன?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலையையும் யானை வழித்தடத்தையும் ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்துத்தான் போடி மேற்கு மலை. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டி, 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் சிறப்பு நேர்வாக மறுபடியும் அனுமதி வந்தது. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் புலி வழித்தடத்தில் இந்தத் திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது.

சூழல் சார்ந்த அந்த வாதங்களுக்குக் கனம் உண்டு. அவற்றை மறுப்பது இந்த மடலின் வேலையன்று. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு 'நியூட்ரினோ' என்பது ஏதோ விஷப்பொருளின் பெயர்போல் காதில் விழுந்து பதிந்திருந்தால், அதைச் சரிசெய்யக்கூடியவர்கள் நீங்கள்தான். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே மட்டும் ஒவ்வொரு நொடியும் பல ஆயிரம் கோடிக் கணக்கில் கடந்து போகின்றன. பொட்டிப்புரத்தில் குகை வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறாது.

இனி கரும்பலகைக்கு வருவோம். துகள்களின் நிறையை எலக்ட்ரான் வோல்ட் அளவில் எழுதுவது வழக்கம். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஒரு எம்.இ.வி.; ஆயிரம் எம்.இ.வி. ஒரு ஜி.இ.வி. எலக்ட்ரானின் நிறை 0.511 எம்.இ.வி. அதற்கு இரண்டு அண்ணன்கள்: மியூவான் 105.66, டௌ 1,777. மின்னூட்டம் ஒன்றே, தற்சுழற்சி ஒன்றே, கட்டுப்படும் விசைகளும் ஒன்றே. நிறையில் மட்டும் மியூவான் 207 மடங்கு, டௌ ஏறத்தாழ 3,480 மடங்கு. குவார்க்குகளிலும் இதே கூத்துதான். அப் 2, டவுன் 5, ஸ்ட்ரேஞ்ச் 93, சார்ம் 1,270, பாட்டம் 4,180 எம்.இ.வி. என்று ஏறிக்கொண்டே போய், டாப் குவார்க்கில் 1,73,000-ஐத் தொடுகிறது. உள்ளே வேறு பாகமே இல்லை என்று கருதப்படும் ஒற்றைத் துகள், ஒரு முழு டங்ஸ்டன் அணுவின் கனத்தில் இருக்கிறது.

மறுமுனையில் நியூட்ரினோக்கள். மூன்று வகையில் மிகக் கனமானதற்கு நிறை குறைந்தது 0.05 எலக்ட்ரான் வோல்ட். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள காட்ரின் சோதனை 2025-இல் வெளியிட்ட மேல் எல்லை 0.45. கீழ் எல்லையை வைத்துக் கணக்கிட்டால் எலக்ட்ரான் அதைப்போல் ஒரு கோடி மடங்கு. டாப் குவார்க் மூன்றரை லட்சம் கோடி மடங்கு.

போடியின் கிட்டங்கிகளில் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது ஒரு விலை, ஏழு ஒரு விலை. ஒரு காய் ஏன் பெரிது, இன்னொன்று ஏன் சிறிது என்று கேட்டால் மலைத் தோட்டக்காரர் பதில் வைத்திருப்பார்: எத்தனையாவது பறிப்பு, எவ்வளவு மழை, என்ன நிழல், என்ன மண். துகள்களையும் சலித்துத் தரம் பிரித்தாயிற்று. அவை காய்த்த தோட்டத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

'நிறை தருவது ஹிக்ஸ் புலம் அல்லவா?' என்று வகுப்பில் ஒரு மாணவியாவது கேட்பாள். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்த கண்டுபிடிப்பு அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. அவள் சொல்வது சரிதான், ஆனால் பாதி. வெளியெங்கும் நிரம்பிய ஹிக்ஸ் புலத்தோடு ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைப்பு எண் உண்டு. அந்த எண்ணை 174 ஜி.இ.வி.யால் பெருக்கினால் துகளின் நிறை. டாப் குவார்க்குக்கு அந்த எண் ஏறத்தாழ 1. எலக்ட்ரானுக்கு 0.000003. டாப், பாட்டம், டௌ மூன்றும் தத்தம் நிறைக்கேற்ற அளவில் ஹிக்ஸோடு இணைகின்றன என்பதைச் செர்ன் சோதனைகள் உறுதிசெய்துவிட்டன. மியூவானுக்கும் 2020-இல் சான்று கிடைத்தது. ஆனால் அந்த எண்கள் ஏன் அவை என்று கேட்டால் கொள்கை வாய் திறப்பதில்லை. சோதனையில் அளந்து, கையால் எழுதிச் சேர்க்கிறோம்.

அந்த எண்களுக்குக் காரணம் தேடிப் போனவர்கள் பலர். 1979-இல் காலின் ஃப்ராகட், ஹோல்கர் நீல்சன் இருவரும் சொன்ன வழி, கால்குலேட்டர் இருந்தாலே வகுப்பில் செய்து பார்க்கக்கூடியது. ஒவ்வொரு துகளுக்கும் நாம் இதுவரை காணாத ஒரு புதிய சமச்சீரின் மின்னூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான துகள் ஹிக்ஸை நேரே தொட முடியாது. இடையில் பல படிகளைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு படியும் இணைப்பைச் சுமார் 0.22 மடங்காகக் குறைக்கும். குவார்க்குகள் ஒன்றோடொன்று கலக்கும் அளவைக் குறிக்க ஏற்கெனவே புழங்கும் எண்தான் இந்த 0.22.

இனி பெருக்கிப் பாருங்கள். 0.22-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.0106, டௌவின் இணைப்பு எண் 0.0102. ஐந்து முறை பெருக்கினால் 0.00052, மியூவானுடையது 0.00061. எட்டு முறை பெருக்கினால் 0.0000055, எலக்ட்ரானுடையது 0.0000029. இரண்டு மடங்குப் பிசகைப் பொறுத்துக்கொண்டால், மூன்றரை ஆயிரம் மடங்கு வேறுபாடு மூன்று சிறிய முழு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. மாணவர்கள் வாய்பிளப்பார்கள். அதற்குள் யாராவது கையைத் தூக்கி, 'மூன்று, ஐந்து, எட்டு ஏன் சார்?' என்று கேட்டால் அந்தப் பிள்ளையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொள்கையின் பலவீனம் சரியாக அந்த இடத்தில்தான். விடைக்கு ஏற்றபடி படிகளின் எண்ணிக்கையை நாமே தேர்ந்துகொண்டோம்.

இரண்டாவது வழி, காரணத்தைச் சமச்சீரில் தேடாமல் இடத்தில் தேடுகிறது. நமக்குத் தெரியாத கூடுதல் பரிமாணம் ஒன்று இருந்து, அதில் ஹிக்ஸ் ஓர் ஓரத்திலும் துகள்கள் வெவ்வேறு தூரத்திலும் குடியிருந்தால், நிறை என்பது அவற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு. அந்த அளவு தூரத்தோடு அடுக்குக்குறியாகக் குறையும். எனவே இருப்பிடத்தில் சிறிய மாற்றம் நிறையில் ஆயிரம் மடங்கு மாற்றமாகிவிடும். லிசா ராண்டல், ராமன் சுந்தரம் இருவரும் 1999-இல் முன்வைத்த வளைந்த பரிமாண மாதிரி இதற்கு நல்ல களமாக அமைந்தது. அந்தக் கூடுதல் பரிமாணத்தின் தடயம் எதுவும் செர்னில் இன்றுவரை சிக்கவில்லை.

மூன்றாவது, ஒருங்கிணைப்பு. மிக உயர்ந்த ஆற்றலில் பாட்டம் குவார்க்கும் டௌவும் ஒரே குடும்பம், ஒரே நிறை; ஆற்றல் இறங்க இறங்க வலுவிசை குவார்க்கின் பக்கம் மட்டும் வேலை செய்து அதன் நிறையை ஏற்றிவிடுகிறது என்பது அதன் வாதம். 4.18-க்கும் 1.78-க்கும் உள்ள வேறுபாட்டை இது ஓரளவு கௌரவமாகவே விளக்குகிறது. இதையே அப்படியே எலக்ட்ரானுக்கும் டவுன் குவார்க்குக்கும் பொருத்தினால் கணக்கு இடறுகிறது. அதை நிமிர்த்த 1979-இல் ஹோவர்ட் ஜார்ஜியும் செசிலியா யார்ல்ஸ்காக்கும் ஓர் இடத்தில் 3 என்ற காரணியை நுழைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சுவையான கணக்கும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் யோஷியோ கொய்டே, எலக்ட்ரான், மியூவான், டௌ மூன்றின் நிறைகளைக் கூட்டி, அவற்றின் வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகையை வர்க்கித்து அதனால் வகுத்தால் 2/3 வரவேண்டும் என்றார். வர்க்கமூலங்கள் 0.715, 10.279, 42.153, கூட்டினால் 53.147, வர்க்கித்தால் ஏறத்தாழ 2,824.6. நிறைகளின் கூட்டுத்தொகை 1,883.1. வகுத்தால் 0.6667. இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று டௌவின் நிறையாக அளந்து வைத்திருந்தது 1,784 எம்.இ.வி.; கொய்டேயின் கணக்கு 1,777 என்றது. 1992-இல் பெய்ஜிங்கில் துல்லியமாக அளந்தபோது 1,777 பக்கமே வந்து நின்றது. ஏன் 2/3 என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றும் இல்லை. ஆழ்ந்த உண்மையா, எண் விளையாட்டா என்று மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விடலாம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு கணக்குப் போதும். டவுன் குவார்க் அப் குவார்க்கைவிடக் கொஞ்சம் கனம். அதனால்தான் நியூட்ரான் புரோட்டானைவிட 1.293 எம்.இ.வி. கூடுதல். எலக்ட்ரானின் நிறை இப்போது இருப்பதைப்போல் மூன்று மடங்காக இருந்திருந்தால், ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் புரோட்டானுக்குள் புகுந்து நியூட்ரானாகிவிடும். ஹைட்ரஜன் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை, குரங்கணிக்கு மேலே கவியும் மேகமும் இல்லை.

நியூட்ரினோவுக்கு வருவோம். மேலே சொன்ன வழிகளில் எலக்ட்ரானைச் சமாளித்தாலும், அதிலும் கோடி மடங்கு லேசான ஒன்றை அதே வழியில் விளக்குவது கட்டாயப்படுத்துவதுபோல் ஆகிவிடும். இங்கேதான் 'சீசா' பொறிமுறை. 1977-இல் பீட்டர் மின்கோவ்ஸ்கி தொடங்கி, 1979, 1980 ஆண்டுகளில் யானகிடாவும், கெல்-மன், ரமோன், ஸ்லான்ஸ்கி மூவரும், ஒடிசாவில் பிறந்த ரவீந்திர மொஹாபாத்ராவும் கோரன் செஞ்ஞானோவிச்சும் தனித்தனியே வந்து சேர்ந்த கருத்து இது. நமக்குத் தெரிந்த நியூட்ரினோவுக்கு மிகக் கனமான ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் கனம் ஏற ஏற இதன் கனம் இறங்கும். சாதாரண நிறை ஒன்றை வர்க்கித்து, ஜோடியின் நிறையால் வகுத்தால் நியூட்ரினோவின் நிறை.

கணக்கைத் திருப்பிப் போடலாம். 174 ஜி.இ.வி. என்பது 1.74 × 10¹¹ எலக்ட்ரான் வோல்ட். அதன் வர்க்கம் ஏறத்தாழ 3 × 10²². அதை 0.05-ஆல் வகுத்தால் 6 × 10²³ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 6 × 10¹⁴ ஜி.இ.வி. செர்னின் மோதல் ஆற்றலைப்போல் நாலாயிரம் கோடி மடங்குக்கும் மேல். எந்த இயந்திரத்தாலும் எட்ட முடியாத அந்த உயரம், விசைகள் ஒருங்கிணையும் என்று வேறு காரணங்களுக்காக எதிர்பார்க்கப்படும் ஆற்றலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கொள்கையாளர்கள் சீசாவைக் கைவிட மனமில்லாமல் இருப்பதற்கு இந்தப் பொருத்தம் ஒரு காரணம்.

அந்த 0.05 எங்கிருந்து வந்தது? 1998-இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதைக் காட்டியது. அந்த மாற்றத்துக்கு நிறை வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காகவே 2015-இல் தகாக்கி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனைகள் நிறையை நேரே தருவதில்லை. நிறை வர்க்கங்களின் வேறுபாட்டைத் தருகின்றன. பெரியது 0.0025, சிறியது 0.000075. பெரியதன் வர்க்கமூலம்தான் 0.05. ஆனால் பெரிய வேறுபாட்டின் அளவு தெரியுமே தவிரத் திசை தெரியாது. இரண்டு லேசு, ஒன்று கனமா, அல்லது இரண்டு கனம், ஒன்று லேசா? முதலாவதை இயல்பு வரிசை என்றும் இரண்டாவதைத் தலைகீழ் வரிசை என்றும் சொல்கிறார்கள். ஒருங்கிணைப்பையும் சீசாவையும் சேர்த்துக் கட்டிய கொள்கைகளில் பெரும்பாலானவை இயல்பு வரிசையையே எதிர்பார்க்கின்றன. தலைகீழாக இருந்தால் அவற்றில் பலவற்றைக் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

பொட்டிப்புரத்தின் அம்பரப்பர் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, மேலே ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான பாறையைப் போர்வையாக வைத்து, உள்ளே 50,000 டன் காந்த இரும்பை அடுக்கத் திட்டமிட்டது இந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தான். 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள், இடையிடையே கண்ணாடித் தகட்டு உணரிகள். பூமியின் மறுபக்கத்தில் பிறந்து, பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோவையும் எதிர்-நியூட்ரினோவையும் பூமியின் பொருள் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. எது கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது என்பது நிறை வரிசையைப் பொறுத்தது. இரும்பில் அவை உண்டாக்கும் மியூவான்களைக் காந்தப்புலம் எதிரெதிர்த் திசையில் வளைக்கும். அதைக்கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். இவ்வளவு பெரிய அளவில் இப்படிப் பிரித்தறியும் வசதி வேறெங்கும் திட்டமிடப்படவில்லை.

இதற்குப் பின்னால் உள்ளூர்ப் பாரம்பரியமும் இருக்கிறது. 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த சோதனைகளில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது. அந்தச் சுரங்கத்தை வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளர்களுடையவை. போடித் திட்டத்துக்காகப் பல்லாண்டு குரல்கொடுத்த ஜி. ராஜசேகரன், சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கொள்கை இயற்பியலாளர், 2023-இல் காலமானார். மொஹாபாத்ராவோடும் எம். கே. பரிடாவோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்த நிறைக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. உச்ச ஆற்றலில் குவார்க்குகளும் நியூட்ரினோக்களும் ஒரே அளவில்தான் கலக்கின்றன; நியூட்ரினோக்களின் நிறைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தால், ஆற்றல் இறங்கும்போது அவற்றின் கலப்பு மட்டும் பெருத்துவிடும் என்பது அவர்கள் முன்வைத்த வாதம். இந்த வேலைக்குச் சுரங்கம் தேவைப்படவில்லை. தாளும் பேனாவும் கணினியும் போதுமாக இருந்தன.

மதுரையில் 85 டன் எடையில் இதே கருவியின் சிறு மாதிரி ஒன்றைக் கட்டி இயக்கினார்கள். பெரியது வரவில்லை. வரிசையைக் கண்டறியும் ஓட்டத்தில் இப்போது முன்னால் இருப்பது சீனா. குவாங்டொங் மாகாணத்தில், 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் ஒளிரும் திரவத்தோடு ஜூனோ சோதனை 2025 ஆகஸ்ட் 26-இல் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. அதன் முதல் முடிவுகளே சூரிய நியூட்ரினோ சார்ந்த அளவுகளை முன்னைவிடத் துல்லியமாக்கிவிட்டன. வரிசையை ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ ஆறு ஆண்டுத் தரவு வேண்டும். இப்போது பிளஸ் ஒன்னில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அந்த விடை வரும்போது முதுகலை படித்துக்கொண்டிருப்பார். விடை வந்தாலும் எந்தக் கொள்கை பிழைத்தது, எது போனது என்று பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சமிருக்கும். அதைச் செய்ய மலையும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

ஆகவே ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள். பீட்டாச் சிதைவுப் பாடத்தில் நியூட்ரினோ வரும்போது இரண்டு பாடவேளை கூடுதலாக ஒதுக்குங்கள். முதல் வேளையில் நிறைகளின் பட்டியலைப் பலகையில் எழுதி, 0.22 கணக்கையும் கொய்டே கணக்கையும் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். இரண்டாம் வேளையில் சீசாவின் 6 × 10²³-ஐ அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு கொள்கையும் எந்த இடத்தில் இடறுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். 'அப்படியானால் பொட்டிப்புரத்தில் கட்டவிடாமல் தடுத்தது சரியா, தப்பா?' என்று கேள்வி வரும். பக்கத்து ஊர்களான தே. புதுக்கோட்டையிலிருந்தும் இராமகிருஷ்ணாபுரத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் கட்டாயம் வரும். அப்போது தீர்ப்பாயத்தின் காரணங்களையும், திட்டக்காரர்களின் வாதங்களையும், மேய்ச்சலும் கோயிலும் இருந்த மலை என்ற ஊர்க்காரர்களின் கவலையையும் ஒரே பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் போடுங்கள். முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் எழுத்தாளர்